லஞ்சம் கேட்டால் என்ன செய்வது: புகார் முதல் சாட்சிக் கூண்டு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டா மாறுதலுக்கோ மின் இணைப்புக்கோ வாரிசுச் சான்றிதழுக்கோ அலைந்து, கடைசியில் "ஏதாவது பாத்துச் செய்யுங்க" என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் மாநில அரசு ஊழியர் ஒருவர் லஞ்சம் கேட்டால், லஞ்ச ஒழிப்புத் துறையிடம் புகார் கொடுத்து, அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வைத்து, நீதிமன்றத்தில் சாட்சி சொல்லி முடிப்பது வரை என்னென்ன, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம்.

புகார் கொடுக்கப் போகிறவர்களுக்குத் துணையாகப் போய்வந்ததில் நான் பார்த்தது இது: தைரியமுள்ளவர்கள்கூட வரிசையில் கோட்டை விடுகிறார்கள். முதலில் ஊரெல்லாம் பேசிவிட்டு, அப்புறம் ஆதாரம் தேடுகிறார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம் சட்டம் கேட்கிறார்கள்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லஞ்ச வழக்கில் பணம் பிடிபட்டால் மட்டும் போதாது. அவர் கேட்டார் என்பது நிரூபணமாக வேண்டும். பணத்தைக் கைப்பற்றியும் "கேட்டதற்குச் சாட்சியம் இல்லை" என்று தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. 2014-ல் ஜெயராஜ் வழக்கிலும் 2015-ல் சத்தியநாராயண மூர்த்தி வழக்கிலும் அதுதான் நடந்தது. கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்துக்காகவே இருக்கின்றன.

1. உங்கள் மனு சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள்

புகாருக்கு முன்னால் உங்கள் விண்ணப்பத்தைப் பாருங்கள். எல்லா ஆவணங்களும் இணைத்தாயிற்றா, கட்டணம் கட்டியாயிற்றா, ரசீது இருக்கிறதா, விண்ணப்ப எண் கையில் இருக்கிறதா?

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் கை வைக்கும் இடம் இதுதான். "ஆவணம் குறைவாக இருந்தது, திருப்பி அனுப்பினேன், அந்தக் கோபத்தில் பொய்ப் புகார் கொடுத்தார்" என்பார்கள். மனு முழுமையாக இருந்தால் அந்த வாதத்துக்குப் பிடி கிடைக்காது.

கேட்டது கட்டணமா லஞ்சமா என்பதிலும் சிலருக்குக் குழப்பம் இருக்கிறது. "ரசீது தருவீங்களா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். அரசுக் கட்டணம் என்றால் செலுத்துச் சீட்டோ இணையவழி ரசீதோ கட்டாயம் இருக்கும்.

இன்னொன்று: நீங்கள் கேட்கும் வேலையே சட்டவிரோதமாக இருந்தால், உதாரணமாகப் புறம்போக்கு நிலத்துக்குப் பட்டா கேட்டிருந்தால், புகாருக்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அப்போதும் லஞ்சம் கேட்டது குற்றம்தான். ஆனால் உங்கள் மேலும் கேள்விகள் வரும்.

2. வாயைக் கட்டுங்கள்

மிகக் கடினமான படி இதுதான் என்று நினைக்கிறேன். கோபத்தில் இருப்பவரைப் பேசாதே என்றால் எப்படி? ஆனாலும் பேசாதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். டீக்கடையில் சொல்லாதீர்கள். வார்டு கவுன்சிலரிடம், அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம், "எனக்கு அங்க ஆள் இருக்கு" என்கிற மாமாவிடம் சொல்லாதீர்கள். சின்ன ஊரில் செய்தி மாலைக்குள் அந்த அலுவலகத்துக்குப் போய்விடும். மறுநாள் அவர் உங்களைப் பார்த்ததும் "நான் எப்பங்க காசு கேட்டேன்?" என்பார். அதோடு பொறி வைக்கும் வாய்ப்பு, அதாவது அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கும் வாய்ப்பு, முடிந்தது.

படித்தவர்கள் வேறு ஒரு தவறு செய்கிறார்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு, முதல்வரின் முகவரிக்கு ஒரு மனு, துறைத் தலைவருக்கு ஒரு மனு என்று ஒரே நாளில் அனுப்பிவிடுகிறார்கள். வேலை தாமதமாகிறது என்ற புகாருக்கு இவை சரியான இடங்கள். லஞ்சப் புகாருக்கு இப்போதைக்கு இல்லை. அந்த மனு "உரிய நடவடிக்கைக்காக" என்ற குறிப்போடு படிப்படியாக இறங்கி, யார் மேல் புகாரோ அவர் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்துக்கே வந்து சேர வாய்ப்பு அதிகம்.

வீட்டில் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். அவர் பின்னால் உங்களுக்குத் தேவைப்படுவார்.

3. எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுங்கள்

விண்ணப்பம், ஒப்புகைச் சீட்டு, கட்டண ரசீது, கிரயப் பத்திரம், வந்த குறுஞ்செய்திகள், இணையதளத்தில் விண்ணப்பத்தின் நிலையைக் காட்டும் பக்கம். எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். நிலைப் பக்கத்தை அச்செடுத்து அன்றைய தேதியை எழுதுங்கள்.

இதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, உங்கள் வேலை அந்த நாளில் அவரிடம் நிலுவையில் இருந்தது என்று காட்ட வேண்டும். "கோப்பு என் மேஜையிலேயே இல்லை, நான் எதற்குக் கேட்கப்போகிறேன்?" என்பது அடிக்கடி வரும் வாதம். இரண்டாவது, பொறி வெற்றி பெற்றால் உங்கள் அசல் கோப்பை லஞ்ச ஒழிப்புப் போலீசார் ஆதாரமாகக் கைப்பற்றிவிடுவார்கள். பிரதி இல்லாவிட்டால் உங்கள் பட்டா வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும்.

4. கேட்டதை அன்றே எழுதுங்கள், முடிந்தால் பதிவு செய்யுங்கள்

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டை எடுத்து எழுதுங்கள்: தேதி, சுமாரான நேரம், எந்த அறை, கூட யார் இருந்தார், அவர் சொன்ன வார்த்தைகள். வார்த்தைகளை அவர் சொன்னபடியே எழுதுங்கள். "லஞ்சம் கேட்டார்" என்று எழுதாதீர்கள். "மேல வரைக்கும் கொடுக்கணும், எட்டாயிரம் இல்லாம ஆகாது" என்று சொன்னார் என எழுதுங்கள். சில ஆண்டுகள் கழித்துக் கூண்டில் நிற்கும்போது நினைவு மங்கியிருக்கும்; தேதியும் வார்த்தையும் மாறிவிட்டால் குறுக்கு விசாரணையில் அதைத்தான் பிடித்துத் தொங்குவார்கள்.

செல்போனில் பதிவு செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீங்களே கலந்துகொண்ட உரையாடலை நீங்கள் பதிவு செய்யலாம், அது சாட்சியமாக ஏற்கப்படும். பம்பாயில் கொரோனர் (சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரி) ஒருவர் மருத்துவரிடம் பணம் கேட்ட தொலைபேசிப் பேச்சின் ஒலிப்பதிவை, மல்கானி வழக்கில் 1972-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

பதிவு செய்த பிறகு செய்யும் தவறுகள்தான் அதிகம். கோப்பை வெட்டி "முக்கியமான இடத்தை மட்டும்" வைத்துக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப்பில் தங்களுக்கே அனுப்பிவிட்டு அசலை அழித்துவிடுகிறார்கள். போனை மாற்றிவிடுகிறார்கள். மூன்றுமே பதிவின் மதிப்பைக் குறைக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்யும்போது சான்றிதழ் வேண்டும். அதில் எந்தக் கருவி, கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாளக் குறியீடு) என்ன என்பதெல்லாம் வரும். அசல் கோப்பு அசல் போனிலேயே இருந்தால் இதெல்லாம் எளிது.

பதிவு இல்லையென்றால் புகாரே இல்லை என்று நினைக்க வேண்டாம். பதிவு இல்லாமல் தொடங்கிய புகார்கள் நிறைய உண்டு. உங்கள் வாய்மொழிச் சாட்சியமும் சாட்சியம்தான்.

5. பேரம் பேசும்போது தொகையை நீங்கள் சொல்லாதீர்கள்

அவர் கேட்ட பிறகு மறுத்துவிட்டுச் சண்டை போட்டால் கதவு மூடிவிடும். ஒப்புக்கொண்டு உடனே கொடுத்தால் நீங்களும் சிக்குவீர்கள். நடுவில் இருக்கும் வழி அவகாசம் கேட்பது: "கையில இல்ல சார், ரெண்டு நாள் டைம் குடுங்க." இது கெஞ்சல் போலத் தெரியும், சந்தேகம் வராது. பொறிக்கு ஏற்பாடு செய்யவும் நேரம் கிடைக்கும்.

"குறைச்சுக்கக் கூடாதா சார்?" என்று கேட்கலாம். அதற்கு அவர் சொல்லும் பதிலே புதிய கோரிக்கையாகிவிடும். ஆனால் "நான் அஞ்சாயிரம் தர்றேன், முடிச்சுக் குடுங்க" என்று நீங்கள் முந்திக்கொண்டு தொகை சொன்னால், பதிவில் கேட்பது நீங்கள் ஆசை காட்டுகிற குரலாக இருக்கும். தொகை எப்போதும் அவர் வாயிலிருந்து வரட்டும். விரலைக் காட்டினால், "எவ்வளவு சார், புரியல" என்று அப்பாவியாக ஒரு முறை கேளுங்கள்.

இடைத்தரகர் மூலம் கேட்டால்? தரகரும் தப்ப முடியாது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7ஏ பிரிவு அவரைப் போன்றவர்களுக்காகவே 2018-ல் சேர்க்கப்பட்டது. ஆனால் தரகர் அதிகாரியின் பெயரைச் சும்மா இழுத்தாரா, உண்மையிலேயே அவருக்காகக் கேட்டாரா என்பது தெரிய வேண்டும். அதற்காக நீங்கள் அதிகாரியை நேரில் ஒருமுறை பார்த்து, "அவர் சொன்னாரு சார்" என்று மட்டும் சொல்லி என்ன பதில் வருகிறது என்று கவனியுங்கள்.

6. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? ஏழு நாள் கணக்கு

2018 ஜூலை 26 முதல் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-வது பிரிவு மாறிவிட்டது. இப்போது லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கலாம். பலருக்கு இது தெரியாது.

இரண்டு விலக்குகள் இருக்கின்றன. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர், கொடுத்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்துவிட்டால் அவர் மேல் குற்றம் இல்லை. விசாரணை அமைப்புக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதற்கு உதவியாகப் பணம் கொடுப்பவர் மேலும் குற்றம் இல்லை. பொறியில் நீங்கள் கொடுக்கும் பணத்துக்குப் பாதுகாப்பு இந்த இரண்டாவது விலக்குதான்.

ஆகவே முன்பணம் கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள், தள்ளிப்போடாதீர்கள். கூகுள் பே மூலம் உறவினர் எண்ணுக்குப் போட்டிருந்தால் வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து வையுங்கள். திரைப்பிடிப்பு மட்டும் போதாது. "முதல் தவணையைச் சொன்னா என்னைப் பிடிச்சுடுவாங்க" என்று பயந்து விட்டுவிட்டு, அது பின்னால் எதிர்த்தரப்பு மூலம் வெளிவந்தால் உங்கள் மொத்தச் சாட்சியமும் ஆட்டம் காணும்.

7. சரியான கதவைத் தட்டுங்கள்

கிராம நிர்வாக அலுவலர், நில அளவர், சார்பதிவாளர், மாநகராட்சி ஊழியர், மின்வாரிய ஊழியர், காவல் நிலைய ஆய்வாளர், ஊராட்சித் தலைவர் என்று மாநிலத்தின் கீழ் வரும் எவரும்: ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம். மக்கள் பேச்சில் லஞ்ச ஒழிப்புத் துறை. இதற்கு மாவட்டங்களில் பிரிவு அலுவலகங்கள் இருக்கின்றன. வருமான வரி, ரயில்வே, அஞ்சல், பொதுத்துறை வங்கி போன்ற மத்திய ஊழியர்கள் என்றால் சிபிஐயின் ஊழல் தடுப்புப் பிரிவு. சென்னையில் கிளை உண்டு.

இந்தப் பிரிப்பைப் பிடித்துக்கொண்டு யாரும் உங்களைத் திருப்பி அனுப்பினால், பணிவாக எழுத்தில் காரணம் கேளுங்கள். 2023 டிசம்பரில் திண்டுக்கல்லில் மத்திய அமலாக்கத் துறை அதிகாரி ஒருவரை மாநில லஞ்ச ஒழிப்புத் துறையே கைது செய்தது.

உள்ளூர்க் காவல் நிலையத்துக்குப் போகாதீர்கள். ரகசியம் நிற்காது என்பது ஒரு காரணம். ஊழல் தடுப்புச் சட்டத்தில் எந்தப் பதவிக்குக் கீழே உள்ளவர் விசாரிக்கக் கூடாது என்று 17-வது பிரிவு வரையறுத்திருப்பது இன்னொரு காரணம்; தவறான பதவியில் உள்ளவர் விசாரித்தார் என்பதும் பின்னால் ஒரு வாதமாக வரும்.

நேரில் போங்கள். முதலில் தொலைபேசியில் பேசலாம், ஆனால் பொறி வைக்க நேரில் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். "என் பேர் வெளிய வரக்கூடாது" என்பவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது. பொறி வழக்கில் புகார்தாரர்தான் முதல் சாட்சிகளில் ஒருவர். அதிகாரியின் வருமானத்துக்கு மீறிய சொத்து பற்றிய தகவல் என்றால் ரகசியமாகக் கொடுக்கலாம். அது வேறு பாதை.

8. புகாரை எழுதுவது

ஒரு பக்கம் போதும். வசனம் வேண்டாம், நாட்டின் நிலைமை பற்றிய வருத்தம் வேண்டாம். இப்படி இருக்கலாம்:

"நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். ___ கிராமம், சர்வே எண் ___-ல் உள்ள நிலத்தைக் கிரயம் பெற்று, ___ தேதியில் உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தேன். விண்ணப்ப எண் ___. கடந்த ___ தேதி காலை சுமார் 11 மணிக்கு நில அளவர் திரு. ___ அவர்களை அவரது அலுவலகத்தில் சந்தித்தேன். ‘எட்டாயிரம் ஆகும், கொடுத்தா இந்த வாரமே அளந்துடலாம்’ என்று சொன்னார். அவகாசம் கேட்டேன். ___ தேதிக்குள் கொண்டுவரச் சொன்னார். எனக்கு லஞ்சம் கொடுக்க விருப்பமில்லை. சட்டப்படி நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

"விருப்பமில்லை" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். பணம் கொடுத்தது உங்கள் ஆசையால் இல்லை, புகாரின் பகுதியாகத்தான் என்று காட்டுவது அந்த வரி.

பழைய பகை ஏதாவது இருந்தால், அதே அலுவலரோடு முன்பு தகராறு, அவர்மேல் முன்பு கொடுத்த மனு, கொடுக்கல் வாங்கல், எதுவானாலும் அதிகாரியிடம் அங்கேயே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு எப்படியும் கண்டுபிடிக்கும். முதலில் நீங்கள் சொன்னதாக இருப்பது நல்லது.

புகாரை வாங்கியதும் உடனே வழக்குப் பதிவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஊழல் புகார்களில் முதல்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வேலை நிலுவையில் இருக்கிறதா, அந்த அலுவலர் எப்படிப்பட்டவர் என்று ரகசியமாகப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் பொறிக்கு முன்பே முதல் தகவல் அறிக்கை பதிவாகும். அதன் நகலை இலவசமாகப் பெற உங்களுக்கு உரிமை உண்டு, கேட்டு வாங்குங்கள்.

முன் அனுமதி இல்லாமல் அதிகாரியை விசாரிக்க முடியாதே என்று சிலர் குழப்புவார்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவு சொல்லும் அந்த அனுமதி, லஞ்சம் வாங்கும்போது அந்த இடத்திலேயே கைது செய்யும் வழக்குக்குத் தேவையில்லை.

9. பொறி வைக்கும் நாள்

பணத்தைப் பற்றி முந்தைய நாளே பேசிவிடுங்கள். புகார்தாரரே பணம் கொண்டுவருவதுதான் வழக்கம். முடியாது என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அந்த நோட்டுகள் வழக்குச் சொத்தாகிவிடும், சீக்கிரம் திரும்பாது. ஆகவே வட்டிக்கு வாங்கிக் கொண்டுவராதீர்கள்.

அன்று என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டால் பதற்றம் பாதியாகும். லஞ்ச ஒழிப்பு அலுவலகத்தில் வேறு துறைகளைச் சேர்ந்த இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சிகளாக அழைத்திருப்பார்கள். அவர்கள் உங்கள் புகாரைப் படித்து, உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். நோட்டுகளின் வரிசை எண்களைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு நோட்டுகளில் பினாப்தலீன் பொடியைத் தடவுவார்கள். சாட்சி ஒருவர் அந்த நோட்டைத் தொட்டு, சோடியம் கார்பனேட் கரைசலில் விரலை நனைத்துக் காட்டுவார். நிறமில்லாத கரைசல் இளஞ்சிவப்பாக மாறும். இதையெல்லாம் மகஜராக, அதாவது நடந்ததைப் பதிவு செய்யும் ஆவணமாக எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அவசரப்படுத்தினாலும் படியுங்கள்.

பணத்தை உங்கள் பையில் வைத்ததும் விதிகள் தொடங்குகின்றன. அவர் கேட்கும் வரை அதைத் தொடாதீர்கள். எண்ணிப் பார்க்காதீர்கள். போகும் வழியில் அந்தக் கையால் கதவை, நாற்காலியை, கோப்பைத் தொட்டுக்கொண்டிருக்காதீர்கள். அலுவலருடன் கைகுலுக்கவே கூடாது. பொடி அவர் கையில் ஒட்டியது பணத்தாலா கைகுலுக்கியதாலா என்ற கேள்விக்கு நீங்களே வழி திறந்துவிடுவீர்கள்.

உங்களோடு சாட்சி ஒருவரை உறவினர் போல அனுப்புவார்கள். அவர் வெளியே நிற்கும்படி ஆகிவிட்டால் கேட்டதற்கு இன்னொரு காது இல்லாமல் போகும். "என் மச்சான் சார், கூட வந்திருக்கார்" என்று இயல்பாகச் சொல்லி உள்ளே அழைத்துப் போக முயலுங்கள். அலுவலர் வெளியே அனுப்பச் சொன்னால் வற்புறுத்தாதீர்கள்.

உள்ளே போனதும் பணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். "என் மனு என்னாச்சு சார்?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அடுத்து அவர் பேசட்டும். "கொண்டு வந்தீங்களா?" என்றால், அதுதான் கோரிக்கை. "என்ன சார்?" என்று ஒரு தடவை கேட்டால் தொகையையும் சொல்லக்கூடும். புதியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்: படபடப்பில் உள்ளே நுழைந்ததும் பணத்தை எடுத்து மேஜையில் வைத்துவிடுகிறார்கள், அல்லது இழுப்பறைக்குள் திணிக்கிறார்கள். "நான் வேண்டாம்னு சொல்லச் சொல்ல வச்சுட்டுப் போனார்" என்ற வாதத்துக்கு அதைவிட நல்ல உதவி கிடையாது.

அவர் கையில் கொடுங்கள். கீழே வை, அந்தப் புத்தகத்துக்குள் வை, அவரிடம் கொடு என்று சொன்னால் சொன்னபடியே செய்து, அந்த வார்த்தையை நினைவில் வையுங்கள். பிறகு வெளியே வந்து, முன்பே பேசிவைத்த சைகையைச் செய்யுங்கள். கைக்குட்டையால் முகம் துடைப்பது போல ஏதாவது ஒன்றாக இருக்கும். பழக்க தோஷத்தில் முன்னாலேயே முகத்தைத் துடைத்துவிடாதீர்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் வெயில் காலத்தில் இது நடக்கக்கூடியதுதான்.

அவர் சுதாரித்துக்கொண்டு வாங்க மறுத்தால், வற்புறுத்தாமல் பணத்தோடு திரும்பி வாருங்கள். லஞ்சம் பெற முயல்வதும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7-வது பிரிவில் குற்றம்தான். ஏற்கெனவே கேட்டதற்கு ஆதாரம் இருந்தால் மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று அதிகாரிகள் பார்ப்பார்கள்.

10. பிடித்த பிறகு அன்று மாலை

குழு உள்ளே போய் அவர் கைகளைக் கரைசலில் நனைக்கச் சொல்லும், கரைசலைப் பாட்டிலில் அடைத்து முத்திரையிட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பும், நோட்டு எண்களை ஒப்பிடும், கோப்புகளை எடுக்கும். சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவு சொல்கிறது.

நீங்கள் ஒதுங்கி இருங்கள். அவரோடு வாக்குவாதம் வேண்டாம், செல்பி வேண்டவே வேண்டாம். உங்கள் வாக்குமூலம் வாங்கும்போது நடந்ததை மட்டும் நடந்த வரிசையில் சொல்லுங்கள். பத்திரிகையாளர்கள் கேட்டாலும் பேசாதீர்கள். அங்கே சொல்லும் ஒரு வார்த்தை வாக்குமூலத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அதையும் நீதிமன்றத்தில் காட்டுவார்கள்.

11. உங்கள் வேலையை மறக்காதீர்கள்

கைதானவர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் விதிப்படி பணியிடை நீக்கத்தில் இருப்பதாகவே கருதப்படுவார். அந்த நாற்காலிக்கு அவருடைய சக ஊழியர் வருவார். அவருக்கு உங்கள்மேல் அன்பு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கேட்டால் "கோப்பு போலீஸ்கிட்ட இருக்கு" என்பார், அதுவும் உண்மைதான்.

அதே வாரத்தில் வட்டாட்சியருக்கோ சம்பந்தப்பட்ட மேலதிகாரிக்கோ ஸ்பீட் போஸ்ட்டில் எழுதுங்கள்: அசல் கோப்பு வழக்கில் இருக்கிறது, இத்துடன் பிரதிகள் இணைத்திருக்கிறேன், இதன்மேல் என் மனுவை முடித்துத் தாருங்கள். நகலை விசாரணை அதிகாரிக்கும் கொடுங்கள். மூன்றாவது படியில் எடுத்த இரண்டாவது பிரதி இதற்குத்தான். தாமதம் பற்றி ஆட்சியரின் குறைதீர் நாளில் மனுக் கொடுப்பதற்கு இப்போது தடையே இல்லை.

12. சமாதானத் தூது வரும்

சில மாதங்கள் சத்தமே இருக்காது. ஆய்வக அறிக்கை வர வேண்டும், வழக்குத் தொடர அரசின் இசைவாணை வர வேண்டும். இசைவாணைக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு மூன்று மாதம், தேவைப்பட்டால் இன்னும் ஒரு மாதம். புகார் கொடுத்த 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை காவல் துறைக்கு உண்டு. தெரிவிக்காவிட்டால் கேளுங்கள்.

இந்த இடைவெளியில்தான் ஆட்கள் வருவார்கள். மிரட்டல் குறைவு, பெரும்பாலும் கண்ணீர். "அவருக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க, நீங்க ஒரு வார்த்தை மாத்திச் சொன்னாப் போதும்ணே." சங்கத்துக்காரர்கள், சாதிப் பெரியவர்கள், உங்கள் சொந்தச் சித்தப்பாகூட வரலாம். முடிவு உங்களுடையது, ஆனால் விளைவைத் தெரிந்துகொண்டு எடுங்கள். நீதிபதி முன் சத்தியம் செய்து பொய் சொன்னால் பொய்ச் சாட்சிக் குற்றம். நீங்கள் பிறழ்ந்தால், அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னால், வழக்கு தானாக விழுந்துவிடும் என்பதும் இனி உறுதியில்லை. புகார்தாரர் இறந்துவிட்டாலும் பிறழ்சாட்சியானாலும், மற்றச் சாட்சியங்களையும் சூழ்நிலைகளையும் வைத்து, கேட்டதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது.

வருகிறவர்களின் பெயர், தேதியை அதே நோட்டில் எழுதுங்கள். மிரட்டினால் விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். 2018-ன் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கேட்டும் மனுச் செய்யலாம். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களின் சாட்சிகளுக்கும் அது பொருந்தும், 7-வது பிரிவின் தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு வரை.

13. கூண்டில் நிற்பது

வழக்கை இரண்டு ஆண்டுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நீட்டித்தாலும் மொத்தம் நான்கு ஆண்டைத் தாண்டக் கூடாது என்றும் இருக்கிறது. அதை நம்பி நாட்காட்டியில் குறித்துக்கொள்ளாதீர்கள். சம்மன் வரும், போவீர்கள், வாய்தா ஆகும். பல மாவட்டங்களில் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றமே இந்த வழக்குகளையும் பார்க்கிறது, அங்கே வேறு வழக்குகளும் குவிந்திருக்கும்.

சாட்சி சொல்லும் முன் அரசு வழக்கறிஞரைப் பார்த்து, உங்கள் புகாரையும் வாக்குமூலத்தையும் படித்துப் பார்க்கக் கேளுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம். வரிசையும் தேதிகளும் நினைவுக்கு வந்தால் போதும்.

குறுக்கு விசாரணையில் வரப்போகும் கேள்விகள் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்தவை. அது கைமாற்றாக வாங்கிய கடனைத் திருப்பியது. அது கொடிநாள் நிதி. நீங்கள் திணித்தீர்கள். அன்று மனு நிலுவையிலேயே இல்லை. உங்களுக்குப் பழைய விரோதம். ஒவ்வொன்றுக்கும் பதில் மேலே ஏதோ ஒரு படியில் நீங்கள் சேர்த்து வைத்த காகிதத்தில் இருக்கும்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாததற்குத் தெரியாது, நினைவில்லாததற்கு நினைவில்லை. நேரத்தைக் கேட்டால் "சுமார் 11 மணி" என்றே சொல்லுங்கள். துல்லியமாகச் சொல்ல ஆசைப்பட்டு 11.20 என்றால் மகஜரில் 11.35 இருக்கும். வழக்கறிஞர் சீண்டினால் நீதிபதியைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். கோபப்படுகிற சாட்சியைத்தான் அவர் தேடிக்கொண்டிருப்பார்.

தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். வழக்குச் சொத்துகளை என்ன செய்வது என்ற உத்தரவு தீர்ப்பின் கடைசிப் பகுதியில் இருக்கும். உங்கள் நோட்டுகளைப் பற்றி அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று படியுங்கள். எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தால் அது முடியும் வரை பணம் கைக்கு வராமல் போகலாம். அதுவரை அந்தப் பழைய போனையும் நீங்கள் குறிப்பெழுதிய நோட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.